சாமியில்லாக் கோயில் என்று இன்னும் சொல்கிறீர்களா? அன்றாட மகிழ்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் 32 ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வேலூர் சாயிநாதபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். கோடையில் ஏழு மணிக்கு மேல்தான். அதற்கு முன் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது. பேசுவது ஒரே விஷயம்தான்: ‘என்னால் முடியாது’, ‘நமக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று நாமே போட்டுக்கொண்ட வேலிகளை எப்படிப் பிரிப்பது? நான் மருத்துவரும் இல்லை, சாமியாரும் இல்லை. வாராவாரம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும், புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

மகிழ்ச்சி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

கல்யாணம், புதுமனை புகுவிழா, மகனுக்கு வேலை கிடைத்த செய்தி: இவையெல்லாம் பெரிய மகிழ்ச்சிதான். ஆனால் வருடத்தில் எத்தனை நாள் வரும்? மற்ற நாட்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். காலையில் எழும்போது அந்த நாளைப் பார்க்க ஓர் ஆவல் இருக்கிறதா, படுக்கும்போது ‘இன்றைக்கு இது ஒன்று நன்றாக இருந்தது’ என்று சொல்ல ஏதாவது கிடைக்கிறதா? இந்த இரண்டும் இருந்தால் எனக்குப் போதும்.

கட்டிப்போடும் நம்பிக்கை என்கிறீர்களே, அது என்ன?

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1986-ல் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு மருமகளாக வந்தேன். வந்த வாரமே உறவினர் ஒருவர் ஊரைப் பற்றிய சொலவடையைச் சொன்னார்: ‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்.’ இதோடு இன்னும் இரண்டொன்று சேர்ப்பார்கள். ஊர்ப் பெண்களைப் பழிக்கும் வரியும் அதில் உண்டு. அதை நான் எழுதப்போவதில்லை.

அந்த உறவினர் சொன்னது 1986-ல். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்தது 1981-ல். பல தலைமுறைகளாகக் கருவறை வெறுமையாக இருந்தது; சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை அந்த வருடம் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். அன்று முதல் பூசை நடக்கிறது, பிரதோஷத்துக்குக் கூட்டம் நெருக்குகிறது. ஆனாலும் ‘சாமியில்லாக் கோயில்’ என்று சொல்வதை அவர் விடவில்லை. சென்ற மாதம்கூட, பிறந்தது முதல் இந்த ஊரிலேயே இருக்கும் ஓர் இளைஞன் அதையே என்னிடம் சொன்னான். அவன் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே சாமி வந்தாயிற்று!

ஒரு காலத்தில் உண்மையாக இருந்திருக்கும். அல்லது உண்மை போலத் தோன்றியிருக்கும். பிறகு நிலைமை மாறியிருக்கும். நாம் திரும்பிப் போய்ப் பார்த்திருக்க மாட்டோம். வாய் மட்டும் பழைய வரியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கட்டிப்போடும் நம்பிக்கை என்பது இதுதான். ‘எனக்குக் கணக்கு வராது’, ‘எங்கள் வீட்டில் யாரும் வியாபாரத்தில் தேறியதில்லை’, ‘நான் பேசினால் யார் கேட்கிறார்கள்’ என்பவை எல்லாம் நமக்குள் இருக்கும் சாமியில்லாக் கோயில்கள்தான்.

சொலவடையில் உள்ள எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. மலையில் மரம் குறைவுதான், கோட்டையில் அரசனும் இல்லை. ஆறு மட்டும் இரண்டுங்கெட்டான். வருடத்தில் பெரும்பகுதி பாலாறு மணலாகத்தான் கிடக்கிறது. 2021 நவம்பரில் அதே பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தோம். கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் நிலத்தடி நீர் ஊறுவதற்கான கிணறுகளைத் தோண்டி இறக்கியிருக்கிறார்கள். ‘வறண்டது வறண்டதுதான்’ என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஆகவே எல்லாவற்றையும் பொய் என்று தள்ளச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

எனக்குள் அப்படி என்ன நம்பிக்கை இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாயைக் கவனியுங்கள். ‘நமக்கெல்லாம் ஏது’, ‘எப்போதுமே இப்படித்தான்’, ‘இனிமேல் எதற்கு’, ‘என் ராசி அப்படி’ என்ற சொற்கள் வரும் இடத்தில் ஒன்று ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் இதைத்தான் கவனித்தார். மனச்சோர்வில் இருக்கிறவர்களின் உள்ளத்தில் ‘நான் உதவாக்கரை’, ‘எதுவும் தேறாது’ என்ற எண்ணங்கள் தாமாகவே, மின்னல் வேகத்தில் வந்துபோகின்றன. அவற்றை எண்ணம் என்றே அவர்கள் உணர்வதில்லை. உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றைப் பிடித்து நிறுத்தி ‘இதற்குச் சாட்சி என்ன?’ என்று கேட்கும் முறையை அவர் சிகிச்சையாகவே வளர்த்தார். இன்று உலகம் முழுவதும் அது பயன்படுகிறது.

சேண்பாக்கத்திலிருந்து வரும் ஒரு தங்கை பீடி சுற்றுகிறாள். முதல் நாளே என்னிடம், “டீச்சர், எனக்குக் கணக்கு மட்டும் சுத்தமாக வராது. அதனால்தான் ஆறாவதோடு நின்றேன்” என்றாள். சிறிது நேரம் கழித்து வேறு ஏதோ பேச்சில் கூலியைப் பற்றிச் சொன்னாள்: “நேற்று 700 சுற்றினேன் டீச்சர், 28 கட்டு. மூன்று கட்டு சரியில்லை என்று கழித்துவிட்டார்கள். 625-க்குத்தான் கூலி.” கட்டுக்கு 25 பீடி. 28-இல் 3 போக 25 கட்டு; 25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625. பேனா எடுக்கவில்லை, விரல் மடக்கவில்லை, கண்ணை மூடி யோசிக்கவும் இல்லை. மூச்சு விடுவது போலச் சொல்லிவிட்டாள்.

“இப்போது நீ செய்தது என்னம்மா?” என்று கேட்டேன்.

“எது டீச்சர்?”

“700-ஐ 25-ஆல் வகுத்தாயே.”

அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அது கணக்கு இல்லை டீச்சர். அது பீடி.”

அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. நம்பிக்கை எத்தனை கெட்டியானது பாருங்கள். எதிரான சாட்சி தினமும் அவள் மடியில் முறத்தில் குவிகிறது. அவளோ அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். இப்போது அவளுடைய மகளிர் சுய உதவிக் குழுவின் பதிவேட்டை அவள்தான் எழுதுகிறாள். முதல் மாதம் கை நடுங்கியது. கடன் பாக்கியில் 40 ரூபாய் உதைத்தபோது, மூன்று பக்கம் பின்னால் போய்த் தவற்றைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

எல்லோரும் நம்புகிற ஒன்று, படித்தவர்களும் சொல்கிற ஒன்று, அது எப்படிப் பொய்யாகும்?

ஆகும். அதற்கும் வேலூரிலேயே சாட்சி இருக்கிறது. தொழுநோய் வந்தால் சதை கெட்டு விரல்கள் தாமாகவே உதிர்ந்துபோகும் என்று ஊர் நம்பியது. மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது சி.எம்.சி.க்கு, வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். சதை தானாகக் கெடவில்லை. நோய் நரம்பைத் தாக்குவதால் வலி தெரியாமல் போகிறது; வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்து, புண்ணைக் கவனிக்காமல் விட்டு, விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. காரணம் காயம் என்று தெரிந்துவிட்டால் காயத்தைத் தடுக்கலாம் அல்லவா? மடங்கி இறுகிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாணை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தவும் அவர் வழி கண்டார். ‘இந்தக் கை அவ்வளவுதான்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார்கள்.

சரி, கண்டுபிடித்துவிட்டேன். அடுத்து என்ன செய்வது?

ஒரு நோட்டு எடுங்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம், ‘இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்’ என்று எழுதுங்கள். பூசி மெழுகாமல், பயத்தை உள்ளபடியே எழுத வேண்டும். பிறகு அதைச் சிறிய அளவில் செய்து பாருங்கள். உண்மையில் நடந்ததை வலப்பக்கம் எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். கணக்கு வாத்தியார் சொல்வதால் இப்படி இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பெக் வழிவந்த சிகிச்சையிலும் இதுபோலச் செய்துபார்க்கச் சொல்வது உண்டு.

என் நோட்டிலிருந்து சொல்கிறேன். எனக்கு 12 வயது இருக்கும்போது குடியாத்தத்தில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டி, கௌண்டன்ய ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் விழுந்தேன். தாடையில் நான்கு தையல். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அப்பா, “இவளுக்கு உடம்பில் பேலன்ஸே கிடையாது. இனி சைக்கிளைத் தொடக்கூடாது” என்றார். பயத்தில் சொன்னார், பாசத்தில் சொன்னார். நான் அதை என் உடம்பைப் பற்றிய உண்மையாக எடுத்துக்கொண்டேன். பிறகு ஏறத்தாழ ஐம்பது வருடம். பள்ளிக்கு டவுன் பஸ், கடைக்குக் கணவரின் வண்டியின் பின்சீட். அவருக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, மருந்து வாங்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையை எதிர்பார்த்து வாசலில் நின்றேன்.

கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண்தான் ஒருநாள், “ஆன்ட்டி, நீங்களே ஓட்டினால் என்ன?” என்றாள். 61 வயதில் எல்.எல்.ஆர். போட்டேன். நோட்டில் இடப்பக்கம் எழுதினேன்: ‘பத்து நாளைக்குள் கையோ காலோ உடையும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். மைதானத்தைத் தாண்டிச் சாலைக்கு வரவே மாட்டேன்.’

காலை ஐந்தரைக்குக் கோட்டை மைதானம். அகழித் தண்ணீர் வாசனை, நடைப்பயிற்சி செய்கிறவர்களின் செருப்புச் சத்தம், தலையில் இறுக்கிக் கட்டிய ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு. அந்தப் பெண் பின்னால் ஓடிவந்துகொண்டே, “கீழே பார்க்காதீர்கள் ஆன்ட்டி, தூரத்தில் அந்த மரத்தைப் பாருங்கள்” என்று கத்துவாள். கீழே பார்த்தபோதெல்லாம் வண்டி ஆடியது. மரத்தைப் பார்த்தபோது நேராகப் போனது. மூன்றாம் நாள் விழுந்தேன். முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். கிரிக்கெட் மட்டையோடு வந்த ஒரு பையன் சிரித்தான். அவனே ஓடிவந்து வண்டியையும் தூக்கிக் கொடுத்தான். 26-ஆம் நாள் சாலைக்கு வந்தேன். நான்கு பக்கமும் லாரியும் பஸ்ஸுமாக வரும் கிரீன் சர்க்கிளைக் கடந்து ஓரமாக நிறுத்தியபோது, கால் நடுங்கியது, கண்ணில் நீர் வந்தது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் தனியாக நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிறேன். மூட்டை பிரிக்கும்போதே இலவம்பாடி முள் கத்திரிக்காயைக் காம்பு பார்த்துப் பொறுக்குவேன். முள் விரலில் குத்தினால் காய் புதிது. ஒரு டீ குடித்துவிட்டு வீடு திரும்பும்போது ஏழு மணி ஆகியிருக்காது. யாரிடமும் கேட்டு நிற்காத அந்த ஒரு மணி நேரம் என் வாரத்தையே மாற்றிவிட்டது. அப்பா இருந்திருந்தால் பின்சீட்டில் உட்கார வைத்து ஆற்றுப் பாலம்வரை கூட்டிப்போயிருப்பேன்.

பெரிய காரியம் எதுவும் செய்ய எனக்குத் துணிவில்லை. சிறிதாக ஒன்று சொல்லுங்கள்.

தெரியாத ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். சிகாகோ நகரில் தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களை வைத்து நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் செய்துபார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினால் பயணம் கசக்கும், தனியாக இருப்பதே நல்லது என்றுதான் மக்கள் கணித்தார்கள். உண்மையில் பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது.

காட்பாடியிலிருந்து சென்னைக்குத் தினமும் போய்வரும் ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். ‘எல்லோரும் போனில் மூழ்கியிருப்பார்கள், முறைப்பார்கள்’ என்று இடப்பக்கம் எழுதிக்கொண்டு போனான். முதல் நாள் பேசியவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் எதிரே இருந்த பெரியவர், அரக்கோணம் தாண்டும்வரை தன் வீட்டு மாமரத்தில் வந்த பூச்சியைப் பற்றியே பேசினார். அடுத்த வாரம் அவர் இவனுக்கு ஒரு பை நிறைய மாங்காய் கொண்டுவந்தார்.

நல்லதையே நினைத்துக்கொண்டிருந்தால் போதாதா?

போதாது. சிலருக்கு அது கெடுதலாகவும் முடியும். தன்னை மிகவும் தாழ்வாக நினைக்கிறவர்களை, ‘நான் அன்புக்குரிய மனிதர்’ என்ற பொருள்படும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பார்த்தது 2009-ல் வெளியான ஒரு கனடா ஆய்வு. அவர்கள் முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். வாய் ஒன்று சொல்ல, உள்ளம் ‘பொய்’ என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் கண்ணாடி முன்னால் நின்று ‘எனக்கு வண்டி ஓட்ட வரும்’ என்று ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் வண்டி நகர்ந்திருக்காது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

இந்தப் பழமொழியை வகுப்பில் நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன். இன்று வருந்துகிறேன். சின்ன வயதில் நல்ல பழக்கம் ஊன்ற வேண்டும் என்று சொல்ல வந்தது அது. அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயதானவர்கள் படுத்துக்கொள்வதற்கு அனுமதிச் சீட்டாக்கிவிட்டோம்.

வளையும், நேரம்தான் எடுக்கும். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக வரும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள்வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் எதுவும் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் ஒருநாள் நடைப்பயிற்சி தவறியதும் ‘அவ்வளவுதான், என்னால் ஆகாது’ என்று செருப்பைப் பரணில் போடுகிறவர்கள்.

வளைவது என்றால் என்ன என்பதற்கு மேரி வர்கீஸை நினைத்துக்கொள்வேன். சி.எம்.சி.யில் இளம் மருத்துவர். 1954-ல் கார் விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மருத்துவப் பணி முடிந்தது என்று நினைப்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். தம்மைப் போல நடக்க முடியாமல் போனவர்களுக்கென்று பாகாயத்தில் 1966-ல் ஒரு மையம் எழ அவரே காரணமாக இருந்தார். அவர் கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. நடந்தால்தான் வாழ்வு என்ற எண்ணத்தைத்தான் அவர் விட்டார்.

விதி, தெய்வம் எல்லாவற்றையும் கேள்வி கேட்கச் சொல்கிறீர்களா?

இல்லை. நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். ‘என் தலையெழுத்து’ என்று சொல்லும்போது மனம் ஆறுகிறதா, அல்லது முயற்சியைக் கைவிடுவதற்கு அது வசதியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதலாவது என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

கடன், வேலையின்மை, சாதிக் கொடுமை, வீட்டில் அடி உதை: இதெல்லாமும் மனதில் இருக்கும் நம்பிக்கைதானா?

இல்லவே இல்லை. இதை யார் கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பதில் சொல்வேன். மாதக் கடைசியில் அரிசி இல்லை என்பது எண்ணம் அல்ல, அரிசி இல்லை. கட்டுக்குக் கட்டு கழித்துக் கூலியைக் குறைப்பது அநியாயம். சேண்பாக்கத்துத் தங்கை தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டதால் அந்த அநியாயம் நியாயமாகிவிடாது. ‘மகிழ்ச்சி உன் கையில்தான் இருக்கிறது’ என்று அடிபடுகிற பெண்ணிடம் சொல்வது கொடுமை. அவளுக்கு வேண்டியது பாதுகாப்பு. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

தடை வெளியில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் பின்னிக் கிடக்கும். வெளித்தடையை எதிர்க்கக் கூட்டு சேர வேண்டும், சங்கம் வேண்டும், சட்டம் வேண்டும். ‘நாம் போய்க் கேட்டால் எடுபடுமா’ என்ற உள்தடையை உடைத்தால், அந்தக் கூட்டத்துக்குப் போகக் கால் எழும்.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

யார் அந்த நாலு பேர்? பெயர் எழுதுங்கள். எங்கள் மாடியில் இதைச் செய்யச் சொன்னால் இரண்டு பெயருக்கு மேல் யாரும் எழுதியதில்லை.

மாற்றத்தை நான் கேட்கவே இல்லையே, அதுவே வந்து நிற்கிறது. அதை எப்படி ஏற்பது?

பிள்ளைகள் பெங்களூரில் தங்கிவிட்டார்கள், வேலை ஓய்வு பெற்றாயிற்று, துணை போய்விட்டது. இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள்தான் அதிகம். உடனே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதில்லை. இழந்ததற்கு அழ வேண்டும். அழுவதற்கு ஒரு காலக்கெடு வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் மாமியார் கடைசிவரை ‘வட ஆற்காடு ஜில்லா’ என்றே சொன்னார். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, பிறகு பெயர் வேலூர் மாவட்டம் ஆனது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கடிதத்தில் மட்டும் புதுப் பெயரை எழுதுவார். இல்லாவிட்டால் தபால் சேராது என்பது அவருக்குத் தெரியும். வாயில் பழைய பெயர், உறையில் புதுப் பெயர். மாற்றத்தை இப்படியும் ஏற்கலாம் என்று அவரைப் பார்த்துத்தான் கற்றேன்.

நினைக்காத வழியில் வாழ்க்கை திரும்பிய கதை ஒன்றும் நம் மண்ணில் உண்டு. ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய குடும்பமே அமெரிக்க மிஷனரி மருத்துவர் குடும்பம். இளவயதில் கண்ட பஞ்சமும் வறுமையும் போதும், அமெரிக்காவிலேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். உடல்நலமில்லாத தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரச்சொல்லிக் கேட்டார்கள். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தை வருவார் என்றார். ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப்போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த வீடுகளில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர்கள். ஒரு நம்பிக்கையைத் தாண்ட முடியாமல் நின்றார்கள். ஐடாவோ, தான் இங்கே இருக்கப்போவதில்லை என்ற தன்னுடைய முடிவை அந்த இரவோடு மாற்றிக்கொண்டார். 1899-ல் மருத்துவப் பட்டம், 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கை. அதுதான் இன்றைய சி.எம்.சி.

ஆரம்பத்தில் இருந்த மகிழ்ச்சி சில வாரத்தில் பழகிப்போகிறதே?

பழகத்தான் செய்யும். 1978-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லாட்டரியில் பெரும் தொகை வென்ற 22 பேரிடம் கேட்டார்கள். அவர்கள் அக்கம்பக்கத்தாரைவிடக் குறிப்பிடும்படி அதிக மகிழ்ச்சியோடு இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைந்திருந்தது. அதனால்தான் ஒரே பெரிய மாற்றத்தை நம்பியிருக்காமல், சிறியவற்றை அவ்வப்போது மாற்றச் சொல்கிறேன். மார்க்கெட்டுக்கு வேறு தெரு வழியாகப் போங்கள். அதே சாம்பாரை ஒருநாள் நீங்கள் வைக்காமல் கணவரை வைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் மனதில் இது பதியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒரு வகுப்பில் ஒரு பையனைப் பற்றி, அவன் காதுபட, “இவனுக்குக் கணக்கு வராது, இவனை விடுங்கள்” என்று சக ஆசிரியரிடம் சொன்னேன். அவன் அதற்குப் பிறகு என் வகுப்பில் கையைத் தூக்கவே இல்லை. பல வருடம் கழித்து ஆம்பூரில் ஒரு கடையில் பார்த்தேன். தோலை அளந்து, சேதாரம் போக எத்தனை ஜோடிச் செருப்பு வெட்டலாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “டீச்சர், நான் கணக்கில் மக்கு, ஞாபகம் இருக்கிறதா?” என்று கேட்டான். அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். அவன் பதறிப்போனான். நான் கேட்டது சரிதான்.

‘வராது’ என்பதற்குப் பதில் ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லுங்கள். ஒரே சொல் கூடுதல். அதைச் சொல்லப் பழகவே எனக்குப் பல மாதம் ஆயிற்று.

இதெல்லாம் செய்து பார்த்தும் மனம் இருட்டாகவே இருக்கிறது.

அப்படியானால் நோட்டை மூடி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது நோயாக இருக்கலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவரிடம் போவது போல இதற்கும் போக வேண்டும். ‘மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்பார்கள்’ என்பதும் ஒரு சாமியில்லாக் கோயில்தான். வேலூர்க்காரர்களுக்குப் பாகாயத்திலேயே மனநல மையம் இருக்கிறது. வெளியில் போக முடியாத நிலையில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்; தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. உயிரை விடத் தோன்றினால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

உங்களிடம் இன்னும் கேள்வி கேட்காத நம்பிக்கை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நான் தனியாக வெளியூருக்கு ரயிலில் போனதே இல்லை. அப்பாவோடு, கணவரோடு, பள்ளிப் பிள்ளைகளோடு போயிருக்கிறேன். ‘ராத்திரி ரயிலில் தனியாக என்றால் எனக்குக் கண் மூடாது, ஸ்டேஷன் தவறிவிடும், பையைப் பறிகொடுப்பேன்’ என்று நோட்டின் இடப்பக்கம் எழுதியிருக்கிறேன். மைசூரில் என் தங்கை இருக்கிறாள். அடுத்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமைக்குக் காட்பாடியிலிருந்து ஒரு டிக்கெட் எடுத்துவிட்டேன், கீழ் பெர்த். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூட்டம் இருக்காது. வலப்பக்கத்தில் என்ன எழுதினேன் என்பதை அதற்கடுத்த வாரம் வந்தால் படித்துக்காட்டுகிறேன்.